எதிர்மலையில் பெய்த மழை

காலை பதினொன்று இருபதுக்கு என் கைப்பேசி ஒலித்தது. மூங்கில்துறைப்பட்டுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில், இடுப்பளவு கரும்புச் சோகைக்குள் நின்று, கரும்பு வெட்டுவதை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அந்த விவசாயியோடு பேசிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் எனக்கு வேலை. வயல் வயலாகப் போய்ப் பார்ப்பதுதான் உத்தியோகம். திரையில் என் மகளின் தோழியின் பெயர் தெரிந்தது. அந்தப் பெண் என்னை அழைப்பதே இல்லை.

"அங்கிள், பயப்படாதீங்க," என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பயப்படுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடியே படம் போடப் போனா. வெயில் ஏறதுக்குள்ள வந்துடுவா எப்பவும். இன்னும் வரல. ஓடையில தண்ணி வந்துடுச்சு. யாரும் தாண்ட முடியல."

"நீ கூட போலயா?"

"எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல் அங்கிள். படுத்துக்கினு இருந்தேன்."

"அவ போனு?"

"ஊர்லயே டவர் இல்ல. நான் தண்ணி டேங்க் படியில ஏறி நின்னுதான் பேசறேன்."

எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அந்த ஒரு சொல்லோடு வண்டிக்கு வந்தேன். விவசாயி பின்னாலேயே ஓடிவந்து, "சார், கத்திய விட்டுட்டுப் போறீங்க," என்று கரும்பு வெட்டிப் பார்க்கும் கத்தியைக் கொடுத்தார். அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

எங்கள் மகள் ஓவியம் படித்தவள். தோழி உளுந்தூர்பேட்டைக்காரி. நெடுஞ்சாலையில் அவள் வீட்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். லாரி ஹாரனுக்கு நடுவில் வளர்ந்தவள், எழுதுகிறவள். இருவரும் ஆடி மாதத்திலிருந்து கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சின்ன ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். சாமை விதைப்பிலிருந்து அறுப்புவரை அந்த மலை எப்படியெல்லாம் மாறுகிறது என்று ஒரு புத்தகம் செய்வது அவர்கள் திட்டம். இவள் வரைவாள், அவள் எழுதுவாள்.

இதைக் கேட்ட சொந்தக்காரர்கள் யாருக்கும் புரியவில்லை. என் மைத்துனர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "மலையில போய் ஒக்காந்து வரையறதுக்கு இன்னா இருக்குது? போட்டோ புடிச்சிக்கினு வந்து ஃபேனுக்கு கீழ வரைஞ்சா ஆவாதா?"

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாமா, அத்தைய நீங்க போட்டோவுல பாத்ததோட சரின்னு இருந்துட்டீங்களா, இல்ல நேர்ல போயி பாத்தீங்களா?"

"நேர்ல போயிதான் மோசம் போனேன்," என்றார் அவர். அவர் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அன்று அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு அவளைப் பற்றிப் பெருமை உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை என்பது வேறு. கல்லூரி விடுமுறையில் ஒரு தடவை என்னோடு வயலுக்கு வந்தாள். முற்றிய தோட்டம், பிற்பகல். நான் ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவள், "ப்பா, கரும்புக்கு அடியில இருக்கற நெழலு இன்னா கலர்?" என்று கேட்டாள். கறுப்பு என்றேன். "நல்லா பாரு," என்றாள். பார்த்தேன். வெகுநேரம் கழித்து அந்த இருட்டுக்குள் ஒரு ஊதா தெரிந்தது. அதற்குக் கீழே, மண்ணை ஒட்டி, செம்பு போல ஒரு நிறம். இத்தனை வருடம் அதற்குள் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தவன் நான். அன்று முதல் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் நிழலைப் பார்க்கிறேன். அவளால் எனக்கு வந்த பழக்கம்.

சங்கராபுரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி மனைவியை அழைத்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியை அவள். வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினாள். நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவள் ஒரே நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

"நீங்கதான அனுப்பி வெச்சீங்க."

"ரெண்டு பேரும் சேந்துதான அனுப்பினோம்."

"நான் அழுதுக்கினு அனுப்பினேன். நீங்க சிரிச்சிக்கினு அனுப்பினீங்க. ரெண்டும் ஒண்ணா?"

பின்னணியில் பிள்ளைகள் ஏதோ பாடத்தைச் சேர்ந்து கத்தி வாசித்தார்கள். "நான் இங்கருந்து கெளம்பி வந்தா லேட் ஆவும். நீங்க போங்க. கெடைச்ச ஒடனே போன் போடுங்க," என்றாள். பிறகு, "கெடைக்கலன்னா," என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டாள்.

கச்சிராயபாளையத்தில் வெயில் அடித்தது. கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஆட்கள் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கும் ஒரு துளி மழை இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. மழையே இல்லாதபோது ஓடையில் எப்படித் தண்ணீர் வரும், அந்தப் பெண் காய்ச்சலில் ஏதோ பதறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் வளைவு வளைவாக ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும், எதிரே வருகிற பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று பார்த்தேன். ஒரு பஸ் வந்தது. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிய ஒரு பெண்ணைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அவள் விழித்து என்னை முறைத்தாள்.

ஊருக்குள் நுழைந்ததும் தோழி ஓடிவந்தாள். கண் சிவந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டின் சொந்தக்காரர்கள், கணவனும் மனைவியும். சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிற மலைக்காரர்கள். அந்த மனிதர் முழங்கால்வரை நனைந்திருந்தார்.

"அருவிப் பக்கம் ஒரு பாறையில ஒக்காந்து வரையும் சார், அங்கதான் இருக்கும்னு இந்தக் கரையிலயே கீழவரைக்கும் போயி பாத்துட்டேன். இல்ல," என்றார். அவர் கீழே என்று சொன்னது ஓடையின் கீழ்ப்பக்கம். எதற்காக அங்கே பார்த்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தோழி என்னை அவர்கள் அறைக்குக் கூட்டிப்போனாள். நான் அதற்கு முன் அந்த அறையைப் பார்த்ததில்லை. சுவருக்குச் சுவர் கொடி கட்டி, துணி உலர்த்துகிற கிளிப் போட்டு, படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். குனிந்துதான் நடக்க முடிந்தது. எல்லாம் அதே மலை. ஒன்றில் மலை இல்லவே இல்லை, வெறும் பனிமூட்டம், மூலையில் ஒரு கூரையின் நுனி மட்டும். ஒன்றில் ஒரு மேட்டுக் கொல்லையில் சாமை முளைவிட்டிருந்தது. இன்னொன்றில் அதே கொல்லை பழுத்துச் சாய்ந்திருந்தது. மகளைக் காணாமல் நிற்கிற ஒரு தகப்பன் அப்போது படங்களைப் பார்த்து வியந்தான் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இவ்வளவையும் என் பிள்ளை பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். உடனே அந்த நினைப்பே நெஞ்சில் வலித்தது.

"ஏன் நேரத்துக்கு வரலன்னா அங்கிள், தாள் காய்ஞ்சிருக்காது," என்றாள் தோழி. "ஊர்ல வெயில்ல டீ குடிக்கறதுக்குள்ள காஞ்சிடும். இங்க பனியில காயவே காயாது. காயறதுக்கு முன்னாடி பலகைய தூக்கினா கலர்லாம் ஒழுகிடும். மலை ஒழுகிப் போயிடும்னு சொல்லுவா. தாளுக்குப் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருப்பா. நான் எத்தன தடவ சோத்த மூடி வெச்சிக்கினு இருந்திருக்கேன்."

"இப்ப எங்க ஒக்காந்து வரையறா?"

"போன வாரம் புதுசா ஒரு எடம் புடிச்சா. பேரு கேட்டேன், பேர்லாம் தெரியாது, வந்து பாருன்னா. அதுக்குள்ள எனக்குக் காய்ச்சல்." கொடியின் கடைசியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இது அங்க ஒக்காந்து போட்டதுதான். முடிக்கல. நேத்து கொண்டாந்து மாட்டினா."

தாளின் பாதிதான் நிரம்பியிருந்தது. சரிந்து இறங்குகிற ஒரு கொல்லை, அதன் விளிம்பில் ஒரு கடுக்காய் மரம், அதற்கு அப்பால் இன்னும் வண்ணம் தீட்டாத ஒரு பெரிய மலையின் கோடு. அந்த மரம் அழகான மரம் இல்லை. ஒரு பக்கம் இலை. மறுபக்கம் மொட்டையாக, கருகி, கிளைகள் ஒடிந்த நிலையில் நின்றது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, நல்ல பக்கத்தை மட்டும் வரைந்திருப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அவள் அந்தக் கருகிய பக்கத்தைத்தான் அதிகம் கவனித்து வரைந்திருந்தாள். எந்தக் கிளை எங்கே முறிந்தது என்றுகூடத் தெரிந்தது.

தாளை வெளியே கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இது எங்க பெரியப்பன் கொல்லை."

அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒங்க பெரியப்பன் கொல்லையில எங்க கடுக்காய் மரம் இருக்குது? நல்லா பாரு. ஓடைக்கு அந்தாண்ட, எங்க அண்ணன் கொல்லை இது. இடி வுழுந்த மரம்."

"ஒங்க அண்ணன் கொல்லை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச லட்சணம்தான் பாக்கறனே. என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப இந்த மரத்துலதான முட்டிக்கினு நெத்தி வீங்கி வந்தே. அது கூட மறந்துபோச்சா?"

அவர் தாளை மறுபடி பார்த்தார். "ஆமா," என்றார். "இதே கெளைதான்."

ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றிய நன்றியை எப்படிச் சொல்வது? யாருக்கு என்றும் தெரியவில்லை. ஓர் அசிங்கமான மரத்தை உள்ளபடியே வரைந்ததற்காக என் மகளுக்கு நான் மனதுக்குள் கைகூப்பினேன். அந்தக் கொல்லைக்கு மேலே அண்ணனும் அண்ணியும் குடியிருக்கிறார்கள் என்றாள் வீட்டுக்காரம்மா. புத்தியிருந்தால் அங்கே போயிருப்பாள். ஆனால் வீடு திரும்ப ஓடையில் இறங்கியிருந்தால்? அந்தப்பக்கம் இருக்கிறாளா என்பது பாதிக் கேள்விதான். இறங்கினாளா என்பது மீதி. நாங்கள் நால்வரும் ஓடைக்கு நடந்தோம்.

நான் நினைத்திருந்த ஓடை வேறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டுகிற ஒன்றாக மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். அங்கே இருந்தது செம்மண்ணைக் கரைத்த ஒரு ஓட்டம். வேரோடு ஒரு மரவள்ளிச் செடி உருண்டு போனது. சத்தம் காதை அடைத்தது. தலைக்கு மேலே வானம் நீலமாக, வெயிலோடு இருந்தது. அந்த வெயில்தான் என்னை இன்னும் கலங்கடித்தது.

"மழையே இல்லையே," என்றேன்.

வீட்டுக்காரம்மா மேற்கே கையைக் காட்டினாள். தூரத்து மலையின் உச்சி இல்லை. சாம்பல் நிறத் திரை ஒன்று அதை மூடியிருந்தது. "காலையிலருந்து அங்கதான் ஊத்துது சார். இந்த ஓடை அந்த மலையிலருந்துதான் சுத்திக்கினு வருது. எங்க அண்ணன் கொல்லைக்குப் பின்னாடி பூந்து இப்படி எறங்குது."

தோழி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்தது. தாளில் வெறும் கோடாக விட்டிருந்தது அந்த மலையைத்தான்.

"அவ அதைத்தான் அங்கிள் வரைஞ்சிக்கினு இருப்பா," என்றாள். "எதிர்ல மழை எறங்கறதைப் பாத்தா விடவே மாட்டா."

மழை எதிர்மலையில் பெய்கிறது. அவள் அதைப் பார்த்தபடி, ஓடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தான் வரைகிற மழையின் தண்ணீர்தான் தனக்குப் பின்னால் இறங்கி வருகிறது என்று தெரியாமல். இப்படி ஒரு தப்பை ஓவியக்காரர்களால் மட்டும்தான் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். மலைக்காரர்கள் மேற்கே கறுத்தாலே மாட்டை ஓட்டிக்கொண்டு கரை ஏறிவிடுவார்கள். எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள் அந்த மழையை ஏறெடுத்தே பார்த்திருக்க மாட்டோம். அதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்தி.

நான் செருப்பைக் கழற்றினேன். தண்ணீரில் ஒரு கால் வைத்ததும் வீட்டுக்காரர் என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க எறங்குனா நான் ரெண்டு பேரத் தேடணும்."

"எவ்ளோ நேரத்துல வடியும்?"

"மேல மழ வுட்டாதான் சார் கீழ வடியும்."

வீட்டுக்காரம்மா ஒரு பாறைமேல் ஏறி, வாய்க்கு இருபுறமும் கைகளைக் குவித்து, நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். கொல்லைக்குக் கொல்லை இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். குரல் போனது. எதுவும் திரும்பவில்லை. தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது என்றாள். மறுபடி கூப்பிட்டாள். நானும் மகளின் பெயரைக் கத்தினேன். என் குரல் அடுத்த பாறையைக்கூடத் தொட்டிருக்காது.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். தலைக்குள் என்னென்னவோ ஓடிற்று. நாங்கள் அவளைச் சின்ன வயதில் நீச்சல் பழக வைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் எந்தக் கிணற்றில் விடுவது என்று என் மனைவி பயந்தாள், நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன். தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. போய்ப் படு என்றால் கேட்கவில்லை.

"ஏதாவது பேசும்மா," என்றேன். "சும்மா இருந்தா எனக்குக் கண்டதும் தோணுது."

அவள் ஓடையைக் காட்டிச் சொன்னாள்: "போன மாசம் ஒரு தடவ இப்பிடி வந்துச்சு அங்கிள். இவ்ளோ ஜாஸ்தி இல்ல. அன்னிக்கு இங்கயே ஒக்காந்து, வடியறதைப் பாத்து எழுதினேன். தண்ணி கம்மியாவறது நமக்குத் தெரியாது. சத்தம்தான் மொதல்ல மாறும். இப்ப ஒரே சத்தமா கேக்குதில்ல, அது ரெண்டா பிரியும். அப்பறம் அதோ, அந்த வளைவுல, தண்ணி மேல ஒரு சுருக்கம் தெரியும், துணி கசங்கின மாதிரி. அதுக்கு அடியில ஒரு கல்லு இருக்குது. எருமை படுத்திருக்கற மாதிரி. மொதல்ல அதோட முதுகு தெரியும். அது தெரிஞ்சா மத்த கல்லுங்க ஒண்ணொண்ணா வரும். எருமைக்கு அடுத்து, கரையோரமா சின்னதா மூணு. அதுங்க மேல கால் வெச்சிதான் நாங்க தாண்டுவோம்."

அவள் எழுதியதை அப்படியே சொன்னாளா, எனக்காகச் சுருக்கிச் சொன்னாளா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பார்ப்பதற்கு ஒரு இடம் கிடைத்தது. அதுவரை மொத்த ஓடையும் ஒரே பயமாக இருந்தது. இப்போது அந்த வளைவை மட்டும் பார்த்தேன். எழுதுகிறவர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்று என் மைத்துனர் இனி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கலங்கிய தண்ணீரில் எந்தக் கல் முதலில் தெரியும் என்று எனக்குச் சொன்ன பெண் அவள்.

வெகுநேரம் ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்காரம்மா ஊருக்குப் போய் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தாள். "தின்னுங்க சார். பொண்ணு வந்தா நீங்கதான தூக்கிக்கினு போவணும்," என்றாள். ஒரு துண்டு வாயில் போட்டேன். இறங்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் இரண்டாகப் பிரிந்ததை முதலில் கேட்டது நான்தான். ஒரு கனத்த இரைச்சல், அதற்கு மேலே மெல்லிய சலசலப்பு. தோழியின் தோளைத் தொட்டேன். அவள் தலையை ஆட்டினாள். இருவரும் பார்த்தோம். வளைவில் தண்ணீர் சுருங்கியது. சுருக்கம் அங்கேயே நின்றது. பிறகு அதன் நடுவில் கறுப்பாக, பளபளப்பாக, ஒரு கையகலத்துக்கு ஏதோ தெரிந்தது.

"எருமை," என்றாள் அவள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

கல் முழுதாக வெளியே வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்காரம்மா மறுபடி பாறைமேல் ஏறிக் குரல் கொடுத்தாள். இந்தத் தடவை, மேலே எங்கிருந்தோ, அதேபோல ஒரு நீண்ட குரல் திரும்பி வந்தது.

"அண்ணி," என்றாள் எங்களிடம். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்: "பொண்ணு அங்க இருக்குதா?"

பதிலாக ஏதோ கேட்டது. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் காதில் கை வைத்துக்கொண்டு, மறுபடி சொல்லு என்று கத்தினாள். நான் எழுந்து நின்றேன். வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வராங்களாம்," என்றாள் அவள்.

"யாரு வராங்க?"

"வராங்கன்னுதான் சார் கேட்டுச்சு."

யார், எத்தனை பேர் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. அந்த நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் இதுவரை பேசவில்லை. மனைவியிடமும் இல்லை. அண்ணி மட்டும், கையில் ஒரு பலகையோடு, தனியாக இறங்கி வருவதைப் போல ஒரு காட்சி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதும் பிற்பகலில் எங்காவது தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டால், மோட்டார் போட்ட வாய்க்காலாக இருந்தாலும், அந்தக் காட்சி வந்துவிடுகிறது. கரும்புத் தோட்டத்தில் நின்றபடி அவளுக்கு போன் போடுகிறேன். எடுக்கிறாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிடுகிறேன்.

மேட்டில் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. பழுப்புப் புடவை. தலைமேல் தட்டையாக ஏதோ வைத்துச் சுமந்து வந்தாள். அது பலகை என்று தெரிந்தது. என் கையிலிருந்த கிழங்கு விழுந்தது. அவளுக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது.

பிறகு அந்தக் காலிப் பாதையில் யாருடையதோ ஒரு பெரிய சட்டையும், முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகிய பாவாடையுமாக, ஒரு காலை நொண்டியபடி என் மகள் வந்தாள்.

வீட்டுக்காரர் அதற்குள் வெளியே வந்திருந்த அந்த மூன்று கற்களில் கால் வைத்து நடு ஓடைவரை போய், முதலில் பலகையை வாங்கினார், பிறகு அவள் கையைப் பிடித்தார். அண்ணி அந்தக் கையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஓடைக்கு மேலாக என்னைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"இன்னா சார் பொண்ணு பெத்து வெச்சிருக்கீங்க. மழ வருதுன்னு நாங்க ஓடுறோம், இது மழைய வரைஞ்சிக்கினு ஒக்காந்துருக்குது. திரும்பிப் பாத்தா பின்னாடி தண்ணி. எறங்கத்தான் போச்சு. ரெண்டு அடி வெச்சிட்டுது. எங்க வூட்டுக்காரு சத்தம் போட்டு, ஓடிப்போயி தோள்ல மாட்டியிருந்த பையப் புடிச்சி இழுத்தாரு. பை அறுந்துபோச்சு, பொண்ணு மேல வந்துச்சு. காலு சுளுக்கிக்கினுது, எண்ணெ போட்டு உட்டிருக்கேன். திட்டாதீங்க. காலையிலருந்து நாங்களே எல்லாத்தையும் திட்டித் தீத்துட்டோம்."

மகள் இந்தக் கரையில் கால் வைத்தாள். தோழி அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். பிறகு விலகி எனக்கு வழிவிட்டாள். மகளின் உதடு வெளுத்திருந்தது. விரல் நகங்களில் நீலச் சாயம். நான் அவள் தலையைத் தொட்டேன், தோளைத் தொட்டேன், முழங்கையைத் தொட்டேன். சந்தையில் ஆடு வாங்குகிறவனைப் போல அவளைத் தடவிப் பார்த்தேன் என்று தோழி பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

"ரெண்டு அடி வெச்சேன்ப்பா," என்றாள் மகள். "அடியில மண்ணே இல்ல. நான் செத்துட்டேன்னு நெனைச்சேன்ப்பா."

என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீயே சொல்லுப்பா. எனக்கு பயமா இருக்குது."